நல்ல வார்த்தை பேசியதெல்லாம் நல்ல மனதோடுதானா? பிளேன்ஸ்கேப்: டார்மென்ட் உரையாடல் தேர்வுகள் (கதை முழுக்க உடைக்கப்படும்)

#1 சிகில்வாசி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கதையின் கடைசிவரை போட்டு உடைக்கப்போகிறேன். விளையாடாதவர்கள் இப்போதே ஓடிவிடுங்கள். 1999 கடைசியில் பிளாக் ஐல் நிறுவனம் கொண்டுவந்த கணினி கேம். 2017 இல் பீம்டாக் புதுப்பித்தும் கொடுத்தாகிவிட்டது. இதற்கு மேல் வாயைக் கட்டிக்கொண்டிருக்க என்னால் முடியாது.

நாயகன் பிணவறை மேடையில் கண்விழிக்கிறான். பெயர் தெரியாது, பழைய நினைவு ஒன்றும் இல்லை. சாவான், மறுபடி எழுவான், எழும்போது யாராக இருந்தோம் என்பதை மறந்திருப்பான். அந்தப் பிணவறையிலேயே டெயனாரா என்ற பெண்ணின் ஆவியைச் சந்திக்கிறான். முன் ஒரு வாழ்வில் அவனை நம்பி வந்து உயிரைவிட்டவள். அவளிடம் விடைபெறும்போது, உன்னைக் காப்பாற்ற வழி தேடுவேன், இல்லையென்றால் உன்னிடமே வந்து சேருவேன் என்று வாக்குக் கொடுக்கலாம். நாம் தேர்ந்தெடுக்கிற பதில் பட்டியலில் அந்த வாக்கு இரண்டு விதமாக இருக்கும். ஒன்றின் முன்னால் ‘சபதம்’ என்று போட்டிருக்கும், இன்னொன்றின் முன்னால் ‘பொய்’ என்று.

கேட்கிற டெயனாராவுக்கு இரண்டும் ஒன்றுதான். அவளுக்கு அந்த ஒட்டுச்சீட்டு தெரியாது. தெரிவது நமக்கு மட்டும்தான்.

நாயகனின் மனதைக் காட்ட இதைவிட நேர்மையான வழியை இன்றுவரை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. மற்ற கேம்களில் நல்ல பதிலைத் தட்டிவிட்டு, பிறகு “என் ஆள் நல்லவன்” என்று நாமே சொல்லிக்கொள்கிறோம். இங்கே வார்த்தை வாயைவிட்டு வருவதற்கு முன்னாலேயே கேம் மடக்கிப் பிடித்து, மனதாரச் சொல்கிறாயா, சும்மா சொல்கிறாயா என்று கேட்கிறது. இந்தக் கதைக்கு அது ரொம்பவே பொருத்தம். ஏனென்றால் இவன் முன் பிறவிகளில் இதே இனிக்கிற வார்த்தைகளைப் பேசியிருக்கிறான். எதற்காகப் பேசினான் என்று தோண்டி எடுப்பதுதான் பாதிக் கதை.

உங்கள் கருத்து?

#2 நள்ளிரவுசேவ்

எனக்கு இதில் உடன்பாடே கிடையாது. அந்த ஒட்டுச்சீட்டுதான் கேமின் ஒரே சொதப்பல் என்பேன்.

வாக்குக் கொடுக்கிற நேரத்தில் காப்பாற்றுவோமா மாட்டோமா என்று யாருக்குத் தெரியும்? அழுகிறவளைச் சமாதானப்படுத்த ஏதோ சொல்கிறோம். அது பொய்யும் இல்லை, சபதமும் இல்லை. பத்து நாள் கழித்து நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் அது எதுவென்று தெரியவரும். இந்த கேம் அந்த நடுவெளியை அடைத்துவிட்டு, ‘இப்போதே ஒன்றைச் சொல்’ என்கிறது. மனிதர்கள் அப்படிப் பேசுவதில்லை.

#3 கோடெழுதி

உள்ளே எப்படி ஓடுகிறது என்று கொஞ்சம் சொல்கிறேன், விவாதத்துக்கு உதவும்.

பால்டர்ஸ் கேட் கேமை ஓட்டுகிற அதே இன்ஃபினிட்டி எஞ்சின் மென்பொருள்தான் இதற்கும். எதிராளி பேசுகிற வசனம் ஒரு நிலை. அதன் கீழே நமக்கான பதில்கள் தொங்கும். ஒவ்வொரு பதிலுக்கும் நான்கு விஷயம் உண்டு: எப்போது காட்ட வேண்டும் என்ற நிபந்தனை, வாசகம், தேர்ந்தெடுத்தால் பின்னணியில் நடக்க வேண்டிய வேலை, அடுத்து எந்த நிலைக்குப் போக வேண்டும் என்பது. சபதம், பொய் என்று வருகிற ஜோடிகளில் பல இடங்களில் வாசகமும் ஒன்றே, போய்ச்சேரும் நிலையும் ஒன்றே. பின்னணி வேலை மட்டும்தான் வேறு. நல்லவன் கெட்டவன் என்று ஒரு எண், ஒழுங்கு குழப்பம் என்று இன்னொரு எண், இரண்டும் கண்ணுக்குத் தெரியாமல் ஏறி இறங்கும். நாயகன் முழு நடுநிலையில் தொடங்கி, இந்த எண்களால் ஒரு பக்கம் சாய்வான்.

நல்ல விஷயம் ஒன்றும் இருக்கிறது. இந்த எண்ணை ஏற்றுகிற கட்டளை பெரும்பாலும் ஒரு இடத்துக்கு ஒரு முறைதான் வேலை செய்யும். அதே ஆளிடம் திரும்பத் திரும்பப் போய் அதே சபதத்தைச் செய்து புண்ணியம் சேர்க்க முடியாது.

ஆக, ஒட்டுச்சீட்டை எடுத்துவிட்டால் ஒரே வரி இரண்டு தடவை நிற்கும், அவ்வளவுதான்.

#4 நள்ளிரவுசேவ்

அப்படியானால் என் வாதம் இன்னும் வலுக்கிறதே! எதிராளிக்கும் தெரியாது, கதையும் மாறாது, ஒரு எண் மட்டும் ஏறி இறங்கும். இது மனதைப் படிப்பது இல்லை, கணக்குப்பிள்ளை வேலை.

#5 சிகில்வாசி

கதை மாறாது என்று யார் சொன்னது? அடானை மறந்துவிட்டீர்களா?

பெயர் என்ன என்று ஊரில் யார் யாரோ கேட்பார்கள். தெரியாது என்று சொல்லலாம். அல்லது ‘பொய்’ ஒட்டிய பதிலை எடுத்து, என் பெயர் அடான் என்று அடித்துவிடலாம். கைக்கு வந்த பெயர், வேறு ஒன்றும் இல்லை. இதைப் போதுமான பேரிடம் சொல்லிக்கொண்டே போனால், சிகில் நகரின் ஹைவ் பகுதியில் இருக்கிற ஸ்மோல்டரிங் கார்ப்ஸ் மதுக்கடையில் ஒருநாள் அடான் என்று ஒருவர் உட்கார்ந்திருப்பார். நிஜமான ஆள்! நீங்கள் சொன்ன பொய்யால் உண்டானவர். பிளேன்ஸ்கேப் உலகத்தில் நம்பிக்கைதான் பொருளாகிறது. நிறைய பேர் நம்பினால் அது இருக்கும்.

கணக்குப்பிள்ளை இப்படி ஒரு மனிதனை உண்டாக்குவாரா?

#6 நள்ளிரவுசேவ்

அடான் அருமையான குறும்பு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் பொய்யின் விளைவு. ஏன் பொய் சொன்னான் என்பதற்கு அவரும் பதில் சொல்ல மாட்டார். பயந்து சொன்னானா, விளையாட்டுக்கா, பெயரில்லாத வெட்கத்திலா? நாம் பேசிக்கொண்டிருப்பது நோக்கத்தைப் பற்றி.

#7 பகடைக்காரி

உள்ளே வரலாமா? நான் டிராகன் ஏஜ் 2 கட்சி. 2011 இல் வந்தபோது எல்லாரும் திட்டித் தீர்த்த கேம், ஆனால் இந்தக் கேள்விக்கு அதில் நிறைய சரக்கு இருக்கிறது.

அங்கே நாயகப் பாத்திரமான ஹாக் பேசுவதற்கு ஒரு வட்டம் வரும். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு சின்னப் படம்: இதமாகப் பேச ஆலிவ் கிளை, கிண்டலுக்கு ஊதா முகமூடி, முறைப்புக்குச் சிவப்பு முஷ்டி. எது அதிகம் எடுக்கிறோம் என்று கேம் எண்ணிக்கொண்டே வரும். பிறகு நம்மைக் கேட்காமலேயே ஹாக் பேசுகிற இடங்களில் அந்தத் தொனியில்தான் பேசுவார். கிண்டலாகவே ஓட்டியவருக்குச் சண்டைக்கு நடுவிலும் கிண்டல் வரும்.

ஆனால் கவனியுங்கள், படம் சொல்வது தொனியை மட்டும்தான். நோக்கம் பற்றி அது வாயே திறக்காது. ஊதா ஹாக் ஏன் எல்லாவற்றுக்கும் சிரிக்கிறார்? தைரியமா, அல்லது உடைந்துபோய்விடக் கூடாது என்று போட்ட மூடியா? தாய் லியாண்ட்ரா சாகிற இடம் வரும்வரை நான் முதலாவதுதான் என்று நினைத்திருந்தேன். மூன்று தொனியில் எதை எடுத்தாலும் அவள் சாகத்தான் போகிறாள். அந்த வட்டம் அப்போதும் அப்படியே மூன்று படத்தோடு வந்து நிற்கும்போது, அதுவரை எடுத்த ஊதாவெல்லாம் வேறு மாதிரித் தெரிந்தது. எனக்கு அப்படி. என் தம்பி அதே இடத்தில் சிவப்பை எடுத்தான், அவன் ஹாக் வேறு ஆள்.

ஹாக்கின் கூட்டாளி ஆண்டர்ஸ் விஷயமும் அப்படித்தான். தேவாலயத்தைத் தகர்த்துவிட்டு உட்கார்ந்திருப்பான், முதுகு நம் பக்கம். கொல்லலாம், விட்டுவிடலாம். கொல்வதென்றால் ஒரே கத்திதான், ஒரே காட்சிதான். ஆனால் ஒருவர் கோபத்தில் கொல்கிறார், ஒருவர் நீதி என்று கொல்கிறார், ஒருவர் அவனைக் காதலித்தவராக இருந்து, வேறு யார் கையிலும் சிக்கவிடக் கூடாது என்று கொல்கிறார். கேம் எதையும் கேட்பதில்லை. இங்கே சிகில்வாசி சொன்ன மாதிரி ‘நீதி: குத்து’, ‘ஆத்திரம்: குத்து’ என்று இரண்டு வரி போட்டிருந்தால் நான் கேமை அன்றே மூடியிருப்பேன்.

இதைவிடப் பெரிய விஷயம், இந்தக் கதை முழுவதும் ஹாக்கின் நண்பன் வாரிக் சொல்கிற கதை. கசாண்ட்ரா என்பவள் அவனைப் பிடித்துவைத்து விசாரிக்கிறாள். அவளுக்கு வேண்டியது என்ன நடந்தது என்பது மட்டும் இல்லை, ஹாக் இதையெல்லாம் திட்டமிட்டுச் செய்தாரா என்பது. அதாவது நோக்கம்! வாரிக்கோ அளந்துவிடுவதில் மன்னன். முதல் சண்டையே அவன் ஊதிப்பெருக்கிச் சொன்னது, அவள் நம்பாமல் நிறுத்துகிறாள். ஆக நாம் தேர்ந்தெடுத்த தொனிகூட ஹாக்கின் தொனிதானா, வாரிக் நண்பனுக்காகப் பூசிய பூச்சா என்றே உறுதியில்லை.

#8 துருவாள்

தொனி, சுருக்கம் என்று பேச்சு வந்தபின் விச்சர் 3 டைக்ஸ்ட்ராவின் கால் இல்லாமல் இந்த இழை முழுமையாகாது :)

முன்னாள் உளவுத்தலைவன் டைக்ஸ்ட்ரா, நாயகன் கெரால்டை வழிமறித்து நிற்கிறான். ‘டைக்ஸ்ட்ராவைப் பலமாகத் தள்ளு’ என்கிற மாதிரி ஒரு தேர்வு. சரி, ஓரமாகத் தள்ளிவிட்டுப் போவோம் என்று அழுத்தினால், கெரால்ட் அவன் காலை முறித்துப் போட்டுவிடுவான். அதோடு அரசன் ராடோவிடைக் கொல்லும் சதியில் நமக்கு இடமும் போய்விடும், போரின் முடிவே வேறாகிவிடும்.

இதில் நாயகனின் நோக்கத்தை எங்கே போய்ப் படிப்பது? என் நோக்கம் தள்ளுவது, அவன் நோக்கம் முறிப்பது.

#9 கோடெழுதி

துருவாள், அதற்கு ஒரு சமாதானம் உண்டு. கெரால்ட் அவன் காலை முன்பே ஒருமுறை உடைத்தவன், இருவருக்கும் பழைய கணக்கு இருக்கிறது. கெரால்ட் நம் வரவுக்கு முன்பே முழு ஆளாக இருக்கிறவன், நாம் அவனுக்குத் திசை காட்டுகிறோம், அவ்வளவுதான். டார்மென்ட்டின் பெயரில்லாதவனிடம் அப்படி ஒன்றும் கிடையாது, நாம் எழுதுவதுதான் அவன்.

இதே தகராறு எல்.ஏ. நுவார் என்ற துப்பறியும் கேமிலும் வந்தது. 2011 பதிப்பில் சாட்சியை விசாரிக்கும்போது உண்மை, சந்தேகம், பொய் என்று மூன்று பொத்தான். லேசாகச் சந்தேகப்படலாமே என்று நடுவில் இருப்பதை அழுத்தினால், நாயகன் கோல் ஃபெல்ப்ஸ் ஒரு பாவப்பட்ட சாட்சியிடம் பாய்ந்து கத்துவான். விளையாடியவர்கள் சிரித்துச் சிரித்து மாய்ந்தார்கள். 2017 இல் மறுபடி வெளியிட்டபோது அவற்றை நல்ல போலீஸ், கெட்ட போலீஸ், குற்றம்சாட்டு என்று மாற்றிவிட்டார்கள். அதாவது, சாட்சி என்ன நினைக்கிறான் என்ற கேள்வியை எடுத்துவிட்டு, நான் எப்படி நடந்துகொள்ளப்போகிறேன் என்ற கேள்வியை வைத்தார்கள்.

#10 துருவாள்

கெட்ட போலீஸ் என்று போட்டபிறகு அவன் கத்தினால் யாரும் சிரிக்கவில்லை, அது ஒரு நஷ்டம்தான்.

#11 ஈரமணல்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். டார்மென்ட் பக்கம் திரும்ப இழுக்கிறேன், மன்னிக்கவும் பகடைக்காரி அக்கா.

சிவிக் ஃபெஸ்ட்ஹால் என்ற கட்டடத்தில் உணர்வுக்கற்கள் இருக்கும், நினைவிருக்கிறதா? ஒருவர் பட்ட அனுபவத்தை அப்படியே கல்லில் பதித்து வைப்பார்கள், தொட்டால் நமக்கும் அது நடக்கும். டெயனாரா ஒன்று விட்டுவைத்திருக்கிறாள். தனியறையில் அது இருக்கிறது. தொட்டவுடன் நீங்கள் அவளாகிவிடுவீர்கள். அவன் வருகிறான், அவள் உள்ளம் பொங்குகிறது, அவன் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்கு இனிக்கிறது. அத்தோடு நின்றிருந்தால் சாதாரணக் காதல் காட்சி. ஆனால் அந்த அறையில் இருந்த இன்னொரு ஆள் நாம்தானே? அதனால் அவன் நினைவும் கூடவே மேலே வருகிறது. அதே வார்த்தைகள், இப்போது அவன் பக்கத்திலிருந்து. எதைச் சொன்னால் இவள் உருகுவாள், எந்த இடத்தில் நிறுத்தினால் இன்னும் ஒட்டுவாள் என்று அளந்து அளந்து பேசுகிறான். அவள்மேல் அவனுக்கு இருப்பது அலுப்பும் இளக்காரமும்தான். காரியக்காரப் பிறவி என்று நாம் அழைப்பது இவனைத்தான். கடைசியில் அவளை வருத்தங்களின் கோட்டைக்குக் கூட்டிப்போய்ச் சாகவிட்டதும் திட்டம்தான், ஆவியாக அங்கே தங்கி உளவு சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று.

உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசுவது என்பதை வாசித்திருக்கிறோம். இந்த ஒரு காட்சியில் உள்ளும் புறமும் ஒரே நேரத்தில் நம் தலைக்குள் ஓடுகிறது. ஒரு படம் இல்லை, அசைவு இல்லை, வெறும் எழுத்து.

இதைப் படித்தபிறகு பிணவறைக்குத் திரும்பிப் போய் யோசியுங்கள். அங்கே ‘பொய்’ ஒட்டிய வாக்கை எடுத்தவர், இந்தக் காரியக்காரன் செய்ததையே அதே பெண்ணிடம், அதே மாதிரி வார்த்தையில், மறுபடி செய்திருக்கிறார். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை, வரியின் முன்னாலேயே எழுதியிருந்தது. நள்ளிரவுசேவ் சொல்கிற நடுவெளியை அடைத்தது அதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

#12 பகடைக்காரி

ஈரமணல், நன்றாகச் சொன்னாய் தம்பி. நான் அந்தக் கல்லைத் தொடாமலேயே கேமை முடித்தவள். இப்போது மறுபடி நிறுவ வேண்டும்.

#13 நள்ளிரவுசேவ்

ஈரமணல் சொன்னது எனக்கும் உறைத்தது. ஆனால் சபதத்தை எடுத்தவர்கள் யோக்கியர்களா?

நாயகனோடு கூட வருகிற டாக்கானை எடுத்துக்கொள்ளுங்கள். நம்பிக்கை இழந்து செத்துக்கொண்டிருந்தவனுக்குக் காரியக்காரன் ஸெர்த்திமோனின் வட்டம் என்ற மறைநூலைக் கொடுக்கிறான். அதைப் படித்து டாக்கான் பிழைக்கிறான், நீ சாகும்வரை உனக்கு ஊழியம் செய்கிறேன் என்று சொல்லை விடுகிறான். சாகவே சாகாதவனிடம்! காரியக்காரனுக்கு வேண்டியது அந்த வாளும் அந்த அடிமையும்தான்.

இப்போது நாம். டாக்கானிடம் அந்த வட்டத்தைப் பாடம் கேட்கிறோம். பொறுமையாகக் கேட்கிறோம், ஆழமாகப் பதில் சொல்கிறோம், அவன் மனதில் இருக்கிற முடிச்சை அவிழ்க்கிறோம். ஏன்? ஒவ்வொரு பாடத்துக்கும் அனுபவப் புள்ளி வருகிறது, மந்திரம் வருகிறது, டாக்கானும் பலமாகிறான். சத்தியமாகச் சொல்லுங்கள், வழிகாட்டிப் பக்கத்தைத் திறந்துவைத்து, “ஞானம் இவ்வளவு இருந்தால் இந்தப் பதில் வரும்” என்று பார்த்துத்தானே பேசினீர்கள்? எதைச் சொன்னால் இவன் திறப்பான் என்று அளந்து பேசுவதற்குப் பெயர் என்ன? காரியக்காரன் கோட்டையில் இல்லை, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான்.

அதற்கு எந்த ஒட்டுச்சீட்டும் கிடையாது. ‘புள்ளிக்காக:’ என்று ஒரு வரி இருந்திருக்க வேண்டும்.

#14 கோடெழுதி

ஹா ஹா, ‘புள்ளிக்காக:’. எஞ்சினில் சேர்ப்பது ரொம்பச் சுலபம்.

#15 சிகில்வாசி

நள்ளிரவுசேவ், இது நல்ல அடி, சட்டென்று மறுக்க முடியவில்லை. இருந்தாலும் ஒன்று. டாக்கான் முடிச்சு அவிழ்கிறதா இல்லையா? புள்ளிக்காகக் கேட்டாலும் கேட்கிறோமே. பாதியில் எனக்குப் புள்ளி மறந்துபோனது, அந்தக் கிழவனின் பாரம் என்னவென்று தெரிந்துகொள்ளத்தான் உட்கார்ந்திருந்தேன். நோக்கம் நடுவழியில் மாறும். தொடக்கத்தில் ஒட்டிய சீட்டு முடிவுக்குச் செல்லாது என்று வேண்டுமானால் சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

#16 ஈரமணல்

நடுவழியில் மாறுவதைப் பிடிக்க டிஸ்கோ எலிசியம் முயன்றது, 2019. அங்கே போலீஸ்கார நாயகனின் 24 திறன்களும் தலைக்குள் இருந்துகொண்டு ஆளுக்கு ஒன்று சொல்லும். நாம் எப்படிப் பேசுகிறோம் என்பதையும் கேம் எண்ணிக்கொண்டிருக்கும். எடுத்ததற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தால், ஒரு கட்டத்தில் உள்ளிருந்து ஒரு குரல் வந்து, நீ மன்னிப்புக் கேட்கிற வகைப் போலீஸா என்று கேட்கும். ஆமாம் என்று ஏற்றுக்கொள்ளலாம், போ என்று தள்ளலாம்.

இது எனக்கு டார்மென்ட்டைவிட நிஜமாகப் படுகிறது. முதலில் பேசுகிறோம், பேசிப் பேசிப் பழக்கமாகிறது, அதற்கு அப்புறம்தான் நாம் யார் என்ற கேள்வி வருகிறது.

#17 நள்ளிரவுசேவ்

இதைத்தான் நான் இரண்டாவது பதிவிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறேன்!

#18 துருவாள்

டார்மென்ட்டில் கூடவே வருகிற மண்டையோடு மோர்ட்டைப் பற்றி யாருமே பேசவில்லையே. நாயகனின் நோக்கம் என்று இவ்வளவு அலசுகிறோம். ஆரம்பத்தில் நம் முதுகில் பச்சை குத்தியிருப்பதை அந்த மண்டையோடுதான் வாசித்துக் காட்டும். மண்டையோட்டை நம்பாதே என்ற கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டு! அந்த இடத்தில் மோர்ட் பொய்யே சொல்லவில்லை, வாசிக்காமல் விட்டான். இதற்குச் சிகில்வாசியின் சீட்டில் எதை ஒட்டுவது?

#19 சிகில்வாசி

மோர்ட்டின் மௌனத்துக்குக் காரணம் குற்ற உணர்ச்சி, பிறகு மண்டையோட்டுத் தூண் பக்கம் போனால் தெரியும். சீட்டு நாயகனுக்கு மட்டும்தான், மற்றவர்கள் மனதை நாம்தான் தோண்ட வேண்டும். அது எனக்குச் சரியாகவே படுகிறது. நம் மனது நமக்குத் தெரிய வேண்டும், அடுத்தவர் மனது தெரியக் கூடாது.

#20 பகடைக்காரி

“நம் மனது நமக்குத் தெரிய வேண்டும்” என்று இவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டீர்களே. டெயனாராவின் அப்பா, வழக்கறிஞர் அயானிஸ், அவர் முன்னால் போய் நின்றபோது, மகள் நம்பிப்போன ஆள் நான்தான் என்று நான் வாயைத் திறக்கவில்லை. கிழவர் மனம் நோகும் என்று நினைத்தேனா, பயந்தேனா? இன்றுவரை எனக்கே தெரியாது.

#21 சிகில்வாசி

சரி, அப்படியானால் சூனியக்காரி ரேவலின் கேள்விக்கு வாருங்கள். மனிதனின் இயல்பை எது மாற்றும்? அதே கேள்விக்குப் பதில் சொன்ன அத்தனை பேரையும் கொன்றவள், நாம் எந்தப் பதில் சொன்னாலும் ஏற்றுக்கொள்கிறாள். அது நம் பதிலாக இருந்தால் போதும் அவளுக்கு. அன்பு, வயது, சாவு, எதுவுமே தவறான விடை இல்லை. அங்கே நோக்கம் முழுக்க நம்மிடம் விடப்படுகிறது. நள்ளிரவுசேவ் கேட்கிற நடுவெளி அங்கே இருக்கிறது.

#22 நள்ளிரவுசேவ்

இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் அன்றைக்கு “எதுவும் மாற்றாது” என்று சொன்னேன். அவள் அதையும் ஏற்றுக்கொண்டபோது, உண்மையிலேயே என்னைக் கேட்டாளா, அல்லது காதலித்தவன் திரும்பி வந்ததே போதும் என்று எதற்கும் தலையாட்டினாளா என்று சந்தேகமாகிவிட்டது. ரேவலின் நோக்கம் பற்றித் தனி இழை தொடங்குகிறேன். கல்லைத் தொடப்போகிற பகடைக்காரி முதலில் முடிக்கட்டும்.

#23 பகடைக்காரி

நிறுவியாகிவிட்டது. பிணவறையில் இருக்கிறேன். டெயனாரா பேசி முடித்துவிட்டாள், இரண்டு வரியும் திரையில் நிற்கிறது, இந்த இழையைப் படித்துத் தொலைத்ததால் எதையும் அழுத்த முடியவில்லை. நன்றி மக்களே.